நோர்மா தொலைத்த சொல்

என் கடையில் யாராவது ‘ஃபோம்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபோம் என்பது மெத்தைக்குள் இருப்பது. டப்பாவின் தலையை அழுத்தினால் பீய்ச்சிக்கொண்டு வருவது. நான் கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் ஆளின் தாடையில் பூசுவதன் பேர் லேதர். சவரத்துக்கு வந்து உட்காருகிறவன் அதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? தப்பாகச் சொன்னால் சவரம் செய்ய மாட்டேன் என்றில்லை. செய்வேன். பேச மாட்டேன்.

வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊர் கிரிம்ஷாவில் நுரைக்கு ஆளாளுக்கு ஒரு பேர் உண்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆயுசெல்லாம் படுக்கை விரிப்பு துவைத்த ஐவிக்கு அது சட்ஸ். மேட்டு நிலத்தில் ஆடு மேய்க்கும் சேத், ஓடிக் களைத்த குதிரையின் விலாவில் வெள்ளையாக வழிகிறதே, அதுதான் லேதர் என்பான். “அதைத் திருடித்தான்டா நீ மனுஷன் மூஞ்சியில பூசற” என்று என்னிடம் பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறான். கடலில் வருவதற்கு ஸ்பியூம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் குறுக்கெழுத்துப் போட்டியைத் தவிர வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பீரின் மேல் நிற்பது ஃப்ராத். கோபக்காரன் வாயில் தள்ளுவதும் அதே ஃப்ராத்தான். தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பவர்கள் பேசிவிட்டுப் போகிற வெறும் பேச்சுக்கும் எங்கள் ஊரில் அந்தப் பேர்தான்.

அது நோர்மாவின் சொல். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் வாயிலிருந்து வரும். அதைத்தான் அவள் தொலைத்தாள்.

என் கடைக்கு எதிரே இருக்கும் ‘கறுப்புக் கிடா’ பப்பை நடத்துகிறவள் நோர்மா. இளவயதில் கம்பளி ஆலையில் நெசவுத் துணியில் ஓட்டை பார்த்துத் தைக்கும் வேலை. ஆலைக்குள் தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. வெளியே வந்தபின் அவள் அதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பேசினாள் என்பது என் அபிப்பிராயம். பீர் பீப்பாய் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வில்ஃபைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவருமாக மது ஆலைக்காரர்களிடம் இந்தப் பப்பைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கீழே பப், மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. நாங்கள்தான் இருந்தோம்.

எல்லாரையும் அவள் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். கண்ணு என்று கூப்பிட்டுவிட்டுத் தோலை உரிப்பாள். சேத் ஒரு தடவை புதுச் சட்டை போட்டு வந்தான். “என்ன கண்ணு, ஆட்டுக்கு இன்னிக்குப் பொண்ணு பாக்கறாங்களா?” என்றாள். அதற்கப்புறம் அந்தச் சட்டையை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் இப்படித்தான் விசாரித்துக்கொள்வோம். திட்டவில்லை என்றால் மனஸ்தாபம் என்று அர்த்தம்.

வில்ஃப் அவளுக்கு நேரெதிர். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜோக். எங்கள் பக்கத்தில் பீரின் மேல் விரல் தடிமனுக்கு நுரை நிற்க வேண்டும். அதற்காகக் குழாயின் மூக்கில் பொடிப்பொடித் துளை போட்ட ஒரு சின்ன மூடியைத் திருகி வைத்திருப்போம். அதன் வழியாக வரும் பீர் பாலாடை மாதிரி நுரை கட்டும். வில்ஃப் ஒவ்வொரு கிளாஸையும் நிரப்பி, நுரை எழும்பி நிற்கும்வரை காத்திருந்து, கைப்பிடியை நம் பக்கம் திருப்பி வைத்து, “தொப்பி போட்டுட்டான். இனிமே குளிராது. கொண்டு போ கண்ணு” என்பான். ஒவ்வொரு கிளாஸுக்கும். ஒவ்வொரு நாளும். நோர்மா ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்ப்பாள். நாங்கள் சிரிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வில்ஃப் செத்து அடக்கம் முடிந்த வாரம், சேத் ஏதோ நல்லது செய்கிற நினைப்பில், கிளாஸை உயரத் தூக்கி அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னான். நோர்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “வெளிய போ. ஒரு வாரம் இந்தப் பக்கம் தலை காட்டாதே” என்றாள். பப்பிலிருந்து தள்ளிவைப்பது எங்கள் ஊரில் ஊர்விலக்கு மாதிரி. சேத் அந்த வாரம் முழுக்க என் கடையில் வந்து உட்கார்ந்து, வெட்டுவதற்கு முடியே இல்லாத தலையை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். அதன்பிறகு அந்த ஜோக்கை யாரும் வாயில் எடுக்கவில்லை. பத்து வருஷம் ஆகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, பீப்பாய் இறக்க வந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். நாங்கள் உள்ளே போனபோது நோர்மா நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூளைக்குப் போகும் ரத்தம் எங்கேயோ அடைத்துக்கொண்டது. வலது கை தொங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவ்வளவு நீளமாக, அவ்வளவு கவலையாக ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. எனக்கு அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை.

கை திரும்பிவிட்டது. குளிர்காலம் முடிவதற்குள் பீர்ப் பம்பின் பிடியை இழுக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். பேச்சுதான் முரண்டு பிடித்தது. வாரா வாரம் நான்தான் என் காரில் அவளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். இமோஜென் என்று ஒரு சின்னப் பெண், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

“நாய்” என்றாள் நோர்மா. “சாவி.” கொஞ்சம் தடுமாறி, “கெட்டில்.”

அடுத்த அட்டையில் பீர் கிளாஸ்.

“பீர்!” என்று உடனே சொன்னாள். இதற்குக்கூடவா படிப்பு என்பது போல என்னைப் பார்த்தாள்.

“அருமை! சரி, மேல வெள்ளையா இருக்கே, இது என்னங்க?”

நோர்மா வாயைத் திறந்தாள். மூடினாள். விரலால் படத்தைத் தட்டினாள். முகம் சிவந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தையற்காரிக்கு ஊசி என்ற சொல் மறந்தால் எப்படி இருக்கும்?

“முதல் எழுத்து ஃப்...” என்று எடுத்துக் கொடுத்தாள் இமோஜென்.

“ஃப்...” என்றாள் நோர்மா. “ஃப்... ஃப்...”

வந்தது. ஆனால் வந்தது வேறு சொல். அதுவும் அதே ஒலியில்தான் தொடங்கும், பளிச்சென்று சுத்தமாக வந்து விழுந்தது, ஆனால் அந்த அட்டையில் அதன் படம் இல்லை. எந்த அட்டையிலும் இருக்காது. இமோஜென் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோர்மாவும் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

“வசவு, வணக்கம், வழக்கமா சொல்ற வாக்கியம், இதெல்லாம் மூளையில வேற இடத்துல இருக்குங்க” என்று இமோஜென் வெளியே வந்து என்னிடம் விளக்கினாள். “சொல்லிச் சொல்லி, கேட்டுக் கேட்டுத் தேஞ்ச பேச்சுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. யோசிச்சுச் சொல்றதுதான் கஷ்டம். ஒரு சொல் வரலைன்னா அதே அர்த்தத்துல பக்கத்துச் சொல் எது வந்தாலும் சரி, சொல்லட்டும். நீங்க அவசரப்படுத்தாதீங்க. காத்திருங்க.”

அவள் சொன்னது நிஜம்தான். பப்புக்குத் திரும்பி வந்த முதல் நாள், மூடும் நேரத்தில் நோர்மா மணியை அடித்து, “நேரமாச்சு கனவான்களே! குடிச்சு முடிங்க! வீடு வாசல் கிடையாதா உங்களுக்கு?” என்று ஒரு பிசிறில்லாமல் கத்தினாள். எங்களுக்கு வீடு வாசல் இருந்தது. ஆனால் யாருக்கும் எழுந்து போக மனமில்லை. ஐவி கைக்குட்டையைத் தேடினாள்.

இமோஜென் சொன்னதை நான் பப்பில் எல்லாருக்கும் சொன்னேன். பக்கத்துச் சொல் எது வந்தாலும் சரி என்பதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். காத்திருங்க என்பதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். நானும்தான்.

மறுநாளே ஐவி ஒரு வாளியில் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து கல்லா மேடையில் வைத்தாள்.

“இங்க பாரு நோர்மா. சட்ஸ். எவ்வளவு சுளுவான சொல்! சொல்லு, சட்ஸ்.”

“பீருக்கு எவளாவது சட்ஸ்னு சொல்வாளா?” என்றேன். “குடிக்க வந்தவன் வாந்தி எடுப்பான். லேதர்னு சொல்லு நோர்மா. கண்ணாடி பாத்துச் சொல்லு, நாக்கு தானா வரும்.”

“டேய், லேதர் குதிரையோடது!” என்றான் சேத்.

“உன் குதிரை செத்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“குதிரை செத்தா சொல்லும் செத்துருமா?”

“பீரோட தலை, ஹெட்னு சொன்னா போதுமே, ஒரே அசைதான்” என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். நான் ஸ்பியூம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். கடலே இல்லாத ஊரில், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையில், ஒரு பீர்க் கிளாஸைக் காட்டி ஸ்பியூம் என்றேன். நோர்மா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். வாளியை எடுத்து, சட்ஸ், லேதர் எல்லாவற்றையும் வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்தது அதைவிட மோசம். மரியாதை கொடுக்க ஆரம்பித்தோம்.

யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. அவள் ஒரு சொல்லுக்குத் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கேட்பதற்கு முன்பே நாங்கள் எடுத்துக் கொடுப்போம். “சீட்டா? சில்லறையா? துணியா நோர்மா?” என்று ஆளாளுக்கு வாய்க்குள் சொல்லைத் திணிப்போம். சேத் அவளை ‘நீங்க’ என்று கூப்பிடத் தொடங்கினான். “நீங்க உக்காருங்க, நான் எடுத்துக்கறேன்” என்பான். முப்பது வருஷமாக ‘ஏய் கிழவி’ என்றவன்! கேலி நின்றுபோனது. பப்பில் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ எல்லாம் கேட்க ஆரம்பித்தது. வெளியூர்க்காரன் யாராவது வந்திருந்தால் நல்ல குடும்பத்தார் கூடும் இடம் என்று நினைத்திருப்பான்.

நோர்மா அந்த மாதங்களில் பேசுவதையே விட்டுவிட்டாள். வரும் ஒன்றிரண்டு சொற்களையும் செலவழிக்கவில்லை. கிளாஸை வைப்பாள், தலையை ஆட்டுவாள், உள்ளே போய்விடுவாள். மூடும் நேரத்து வாக்கியம் மட்டும் தினமும் வரும். மற்ற நேரமெல்லாம் செத்த வீடு.

அப்போதுதான் மது ஆலைக்காரர்கள் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். வசந்தத்தோடு குத்தகை முடிகிறது. நோர்மாவால் பப்பை நடத்த முடிகிறதா என்று நேரில் பார்த்துத்தான் புதுப்பிப்பார்களாம். இல்லையென்றால் வேறு ஆளை வைப்பார்கள். வேறு ஆள் என்றால் பப் மட்டும் போகாது. மாடி வீடும் போகும். வில்ஃபின் நாற்காலியும் மேல் கோட்டும் இருக்கிற வீடு. அவளுக்கு வேறு வீடு கிடையாது.

வரப்போகிறவன் தெற்கத்திக்காரன், கென்ட் பக்கம், பேர் ரூபர்ட் என்று ஐவி விசாரித்து வந்தாள். தெற்கே பீரில் நுரை கிடையாது. கிளாஸின் விளிம்பு வரை ஆறிப்போன தேநீர் மாதிரி தட்டையாக ஊற்றிக் குடிப்பார்கள். எங்கள் பக்கம் வந்தால், “காசு கொடுத்தது பீருக்கா, நுரைக்கா?” என்று கேட்காத தெற்கத்திக்காரனை நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் அப்படிக் கேட்டவனை நோர்மா கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

“இவன் கேப்பான்டா” என்றான் சேத். “கண்டிப்பா கேப்பான். நுரை என்னத்துக்குன்னு கேப்பான். நோர்மா வாயத் திறப்பாங்க. அந்தச் சொல் வராது. அவ்வளவுதான், முடிஞ்சுது.”

மூவரும் என் கடையில் உட்கார்ந்து யோசித்தோம். மூன்று பேருக்கும் சேர்ந்து மூளை ஒன்றுதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

“நுரையே இல்லேன்னா நுரைங்கற பேச்சே வராதில்ல?” என்றான் சேத்.

“உன் ஆயுசுல முதல் தடவையா தலைக்குள்ள ஏதோ அசைஞ்சிருக்கு” என்றேன். நிஜமாகவே அது நல்ல யோசனை என்று நினைத்தேன்.

ரூபர்ட் வரும் நாள், ஐவி நோர்மாவை மாடிக்குக் கூட்டிப்போய்த் தலை வாரிவிடும் சாக்கில் பிடித்து வைத்திருந்தாள். நான் கல்லா மேடைக்குப் பின்னால் போய்க் குழாயின் மூக்கிலிருந்த அந்தச் சின்ன மூடியைத் திருகிக் கழற்றினேன். சேத் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு காரியம் செய்தவன் எனக்கு முன்னால் எவனும் இருந்திருக்க மாட்டான்.

ரூபர்ட் சின்னப் பையன் போலத்தான் இருந்தான். நல்ல பையன் என்றுகூடச் சொல்வேன், தலையில் மாவைக் குழைத்துப் பூசின மாதிரி முடி வெட்டியிருந்ததை மன்னித்துவிட்டால். நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மேடைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

“உடம்பு எப்படி இருக்குங்க?”

“தேவலை” என்றாள் நோர்மா.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குடிச்சுட்டு ஒருத்தர் தகராறு பண்றார்னு வெச்சுக்குவோம். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“அவன... நான்...” என்றாள் நோர்மா. கை கதவைக் காட்டியது. “அந்த... வெளி... இது...”

“தூக்கி வெளிய போட்டுருவாங்க!” என்றேன் நான்.

“தள்ளி வெச்சுருவாங்க!” என்றான் சேத்.

“ரொம்பக் கண்டிப்புங்க அவங்க” என்றாள் ஐவி.

“அவங்களே சொல்லட்டுமே” என்றான் ரூபர்ட் மெதுவாக. மடியிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டான். நோர்மா எங்களைப் பார்க்கவில்லை. மேடையில் இல்லாத ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“சரிங்க, ஒரு பீர் குடுங்க” என்றான் அவன், பேச்சை மாற்றுகிறவன் போல.

நோர்மா கிளாஸை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்துப் பம்பின் பிடியை இழுத்தாள். பீர் வந்தது. வெறும் பீர். விளிம்பு வரை பழுப்பாக, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாமல் வந்து நின்றது. நோர்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குனிந்து குழாயின் மூக்கைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஐவி தன் செருப்பைப் பார்த்தாள். சேத் மட்டும் போக்கிடமில்லாமல் அவளையே பார்த்தான். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

நோர்மா கையை நீட்டினாள். சேத் மூடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அதற்குள் ரூபர்ட் கிளாஸை எடுத்துவிட்டான். “அடடே, பரவாயில்லைங்க. எங்க ஊர்ல இப்படித்தான் குடிப்போம். இதுதான் எனக்குப் பிடிக்கும்” என்றான்.

எங்கள் திட்டம் பலித்துவிட்டது! அவன் சந்தோஷமாக இருந்தான். நுரையைப் பற்றி அவன் கேட்கவே போவதில்லை. நோர்மா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே விட்டுவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நோர்மா அவன் கையிலிருந்த கிளாஸை, உதட்டுக்குப் போகும் வழியில் பிடுங்கினாள். தொட்டியில் கவிழ்த்தாள். மூடியைக் குழாயில் திருகினாள். வேறு கிளாஸை எடுத்தாள். தொழில் தெரிந்த கை அது, அவசரமே இல்லாமல் இழுத்தது. கிளாஸுக்குள் முதலில் எல்லாம் வெள்ளையாகக் கலங்கியது. பிறகு அடியிலிருந்து பழுப்பு தெளிந்து ஏற ஏற, வெள்ளை மேலே போய்க் கூடியது. ரூபர்ட் ஏதோ சொல்ல வந்தான். நோர்மா ஒரு விரலைத் தூக்கினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். நாங்களும் முதல் தடவையாக மூடிக்கொண்டிருந்தோம்.

நுரை விளிம்புக்கு மேல் எழும்பி நின்றது. நோர்மா கிளாஸின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“தொப்பி போட்டுட்டான். இனிமே குளிராது. கொண்டு போ கண்ணு.”

ஒரு திக்கல் இல்லை. தேடல் இல்லை. தண்ணீர் மாதிரி வந்தது. வில்ஃபின் குரல் ஏற்ற இறக்கம்கூட அப்படியே இருந்தது. ஊரில் உள்ள நுரைப் பேரையெல்லாம் சுமந்து வந்து அவள் முன்னால் கொட்டிய நாங்கள், இந்த ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை. கொண்டுவர எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

தான் என்ன சொன்னோம் என்பது நோர்மாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். என் கண்ணும் நிறைந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ரூபர்ட் கிளாஸைப் பார்த்தான். வெள்ளைத் தொப்பியைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான். பாவம், அவனுக்கு அது புதுசு. அந்த ஜோக்குக்கு ஒரு மனிதன் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வில்ஃப் இருந்திருந்தால் அவனுக்கு இன்னொரு கிளாஸ் சும்மாவே கொடுத்திருப்பான்.

சேத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேடையைக் கையால் அறைந்தான்.

“அடிப்பாவி! வில்ஃப் வாயேதான்! அந்தப் பாழாப்போன ஜோக்கு! பத்து வருஷம் நிம்மதியா இருந்தோம், மறுபடியும் அதையா ஆரம்பிச்சுட்ட கிழவி? உன்னை யாரு கேட்டா?”

‘ஆரம்பிச்சுட்ட’ என்றான். ‘ஆரம்பிச்சுட்டீங்க’ என்று சொல்லவில்லை.

நோர்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பழைய நோர்மா ஏறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“வெளிய போ. ஒரு வாரம் இந்தப் பக்கம் தலை காட்டாதே.”

சேத் எழுந்தான். வாயெல்லாம் பல். “சரி, போறேன்! போறேன்டி!” என்று பரிசு வாங்கினவன் போல எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே மழைக்குள் போனான். தொப்பியைக்கூட எடுக்க மறந்துவிட்டான்.

ரூபர்ட் கதவையும் நோர்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். “நிஜமாவே அனுப்பிட்டீங்களா?” என்றான். நோர்மா அது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த தாளை எடுத்து, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, வேறு ஏதோ எழுதினான். பிறகு நிதானமாகக் குடித்தான். எங்கள் பீர் நல்ல பீர். நுரை கூடவே இறங்கும். ஒவ்வொரு வாய்க்கும் கிளாஸின் உட்புறத்தில் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டு இறங்கும். குடித்து முடித்தபோது கிளாஸில் அடுக்கடுக்காக வளையங்கள் நின்றன. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்தான்.

“எங்க ஊர்ல இது வராதுங்க. அழகா இருக்கு. இதுக்கு என்ன பேரு?”

எனக்குத் தெரியும். ஐவிக்கும் தெரியும். அதற்கும் எங்களிடம் ஒரு சொல் உண்டு. நாக்கு நுனி வரை வந்தது. ஐவி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பல்லால் நாக்கை அழுத்திக்கொண்டேன். காத்திருந்தோம். நோர்மா கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவளும் அவசரப்படவில்லை.

“தெரியாது” என்றாள். “கழுவணும்.”

தெரியாது என்று அவ்வளவு தைரியமாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. ரூபர்ட் மறுபடியும் சிரித்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, “மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சு எழுதிடறேங்க” என்றான்.

ஐவி என் முழங்கையைப் பிடித்தாள். நோர்மா கிளாஸைத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். எண்கள் அவளுக்கு இன்றைக்கும் சிரமம். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டுதான் வேண்டிய இடத்துக்கு வருவாள். உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். கோட்டின் ஒரு கையில் கையை விட்டபடியே நின்று காத்திருந்தான்.

“அஞ்சு” என்றாள்.

அவன் தாளை மறுபடி எடுத்து, அங்கேயே நின்றபடி, அஞ்சு என்று எழுதினான்.

சேத் வெளியே மழையில் சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். மொட்டைத் தலையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று கையால் கேட்டான். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தான். ஒரு வாரத்தை ஐந்து வாரமாக்கிவிட்டாள் என்று புரிந்துகொண்டான். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி! அவளைப் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நன்றாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, மழையில் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.